கொம்பறுந்த உறை

சோலோ
1937 ஏப்ரல் 9

அன்புத் தங்கை முர்த்தினாவுக்கு அண்ணன் பர்மாடி எழுதுவது.

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. உன் சுகம், மாப்பிள்ளை சுகம், குட்டி தென்றியின் சுகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போடு. போன தடவை மாதிரி "அனைவரும் நலம்" என்று ஒரே வரியில் முடிக்காதே.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் லாஸ்மினிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வருகிற ஹஜ்ஜு மாதத்தில், வெள்ளைக்காரன் கணக்குக்குப் பிப்ரவரி. பையன் பெயர் ஹெர்மானு. பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான குணம். ஒரே குறை, ஜோக்ஜாக்காரன். அதைவிடப் பெரிய குறை அவனுடைய அப்பா.

தீர்த்தோ என்று பெயர். அவரும் என்னைப் போலக் கெரிஸ் கத்திக்கு உறை செய்கிறவர். நிச்சயத்துக்கு வந்த மனுஷர் தாம்பூலம்கூட எடுக்காமல் நேரே என் பட்டறைக்குள் போனார். மாட்டியிருந்த உறை ஒன்றை இறக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சம்பந்தி, உங்க ஊர்ல உறைத் தலையில எதுக்கு இவ்ளோ பெரிய கொம்பு? எருமை கட்டவா?" என்றார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் விடுவேனா? "உங்க ஊரு உறை குளிர்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு, அதுக்கு இது தேவல" என்றேன்.

வினை அங்கே ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு நான் கொடுக்கும் கெரிஸ் எந்த ஊர் உறையில் மேடை ஏறுவது? ஜோக்ஜா உறையில் என்கிறார் அவர். பெண்ணைக் கொடுப்பவன் நான், சோலோ உறை என்கிறேன் நான். கடைசியில், "மெச்சுற மாதிரி ஒரு சோலோ உறையக் காட்டுங்க, வாய மூடிக்கிறேன்" என்று சவால் விட்டுப் போயிருக்கிறார்.

அப்படி ஒன்று நான் என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு. அப்பா உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்த கெரிஸின் உறை. அந்தத் தீமோஹோ மரப் பலகையில் கொம்பின் வளைவோடு ஒட்டியே ஒரு கறுப்பு ரேகை மேகம் போல ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? அதைப்போல இன்னொரு பலகை இந்தப் பத்து வருஷத்தில் என் கைக்கு வரவில்லை.

ஆகவே உறையை மட்டும் அனுப்பு. கத்தி உன் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும். சம்பந்தி கண்ணில் காட்டிவிட்டு, அளவெடுத்துக்கொண்டு, நோன்பு பிறப்பதற்குள் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உன் நலம் விழையும் அண்ணன்,
பர்மாடி


வத்தாம்போனே
1937 மே 21

மரியாதைக்குரிய அண்ணனுக்கும் அண்ணிக்கும் முர்த்தினாவின் வணக்கம்.

கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. லாஸ்மினி சேதி படித்துத் துள்ளிக் குதித்தேன். நான் வரும்போது என் இடுப்பு உயரம்கூட இல்லாத பெண், அதற்குள் கல்யாணமா!

நீங்கள் கேட்டபடி தனித்தனியாகவே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தென்றிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. புகிஸ் மொழியில் விறுவிறுவென்று பேசுகிறாள், நம் மொழியில் பேசச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு காற்று வருகிறது என்கிறாள். அவருக்கு வேலை அதிகம். கரையோர ஊர்களுக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்துக்குத் தலைவர் பதவி காலியாகப் போகிறதாம். படகுக்காரர்கள் யார் பக்கம் சாய்கிறார்களோ அவருக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு.

மழை பிந்திவிட்டது. கருவாடு ஒரு கூடை தனியாக அனுப்பியிருக்கிறேன், அண்ணிக்குப் பிடிக்கும்.

உறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கெரிஸ் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. சாவியும் அவர்களிடம்தான். சமயம் பார்த்துக் கேட்கிறேன்.

அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். கெரிஸ் எந்தச் சபைக்கும் உறையோடுதான் போகவேண்டுமா? உறையில் ஏதாவது பழுது இருந்தால்? நம் ஊர்க் கத்தியை இந்த ஊர் உறையில் போட்டால் நுழையுமா? உங்களுக்குத்தான் தெரியும் என்பதால் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

தங்கை,
முர்த்தினா


சோலோ
1937 ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் கருவாடும் ஒரே நாளில் வந்தன. கருவாட்டு வாசனை தெருவுக்கே போய்விட்டது. எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்காலும் பரவாயில்லை.

சந்தேகம் கேட்டிருக்கிறாய். பத்து வருஷமாக ஒரு புகிஸ் வீட்டில் வாழ்ந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறாயே! சரி, கேள். நம் கத்தி ஒல்லி, நீளம். அவர்கள் கத்தி குட்டை, அடிப்பக்கம் அகலம். அவர்கள் உறையின் தலைக்கட்டை பிறை மாதிரி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். பிடி பறவைத் தலை போல மடிந்திருக்கும். கெரிஸை இடது இடுப்பில் செருகுகிறார்கள், கை போட்டதும் எடுக்க. நாம் முதுகுக்குப் பின்னால் செருகுகிறோம், எடுக்கக் கூடாது என்பதற்காகவே. பாலிக்காரர்கள் இன்னும் மேலே ஏற்றித் தோளுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி வைக்கிறார்கள். ஆளைப் பார்க்கவே வேண்டாம், உறையும் செருகிய இடமும் போதும், எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். அவர்கள் உறையில் நம் கத்தி நுழையாது. நுழைக்கவேண்டுமானால் அதற்கென்று புதிதாகக் குடைந்து செய்யவேண்டும்.

உறையில்லாத கெரிஸ் வேட்டியில்லாத மனுஷன். கொம்பு உடைந்த உறையோடு சபைக்குப் போவதும் தலைப்பாகை அவிழ்ந்து தொங்க நிற்பதும் ஒன்றுதான். மானமுள்ள குடும்பம் அதைத் தாம்பாளத்தில் ஏற்றாது. இது நம் ஊருக்கும் பொருந்தும், உன் மாமியார் ஊருக்கும் பொருந்தும். ஏன் கேட்கிறாய்?

தீர்த்தோ போன வாரம் மறுபடி வந்தார். கையில் வெல்லம் போட்ட பலாக்காய்க் கூட்டு ஒரு பானை. அந்த ஊர்க்காரர்கள் பேச்சும் அப்படித்தான், ஒரேயடியாக இனிப்பு, உள்ளே கொட்டை. "என்ன சம்பந்தி, உறை கடல் தாண்டி நீந்தி வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு நல்ல கட்டையைக் கோணலாக அறுத்துத் தொலைத்தேன்.

மாமியாரிடம் சாவி கேட்பதற்குச் சமயம் என்ன சமயம்? கேள், எடு, அனுப்பு.

அண்ணன்,
பர்மாடி


சோலோ
1937 ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு வழி? பதில்தான் வரவில்லையே.

ஏழு வாரம் ஆயிற்று. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது உன் வீட்டுக்கு எழுதும் கடிதம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தலையை ஆட்டிவிடுகிறார். நேற்று அவர் ஆட்டுவதற்கு முன்பே நான் ஆட்டிவிட்டேன்.

கேட்டது தங்கமா, வைரமா? நான் செதுக்கிய மரம். அதுவும் இரவல். உன் அண்ணி சொல்கிறாள், "அவளுக்கு என்ன கஷ்டமோ, தொந்தரவு பண்ணாதீங்க" என்று. ஒரு கட்டையை எடுத்துத் துணியில் சுற்றிக் கப்பலில் போடுவதில் என்ன கஷ்டம்? மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்றால் அதையாவது எழுது.

பர்மாடி


வத்தாம்போனே
1937 ஆகஸ்ட் 30

அண்ணனுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடுவில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது இல்லை. தென்றி சுகம். அண்ணி முழங்காலுக்கு இந்த ஊர் எண்ணெய் ஒன்று அனுப்புகிறேன், சூடாக்கித் தேய்க்கவேண்டும்.

கெரிஸுக்கு இங்கே புதிதாக ஒரு புகிஸ் உறை செய்துவிட்டார்கள். ஒரு சடங்குக்குத் தேவைப்பட்டது. ஆகவே உங்கள் உறை சும்மாதான் இருக்கிறது. திருப்பி அனுப்பவேண்டியதில்லை. மதுராக்காரர் ஒருவர் தன் படகில் சுரபாயா வரை கொண்டுவருகிறார். அங்கிருந்து ரயிலில் போட்டுவிடுவார்.

பிரித்துப் பார்க்கும்போது கோபப்படாதீர்கள்.

லாஸ்மினிக்கு என் முத்தங்கள்.

முர்த்தினா


சோலோ
1937 அக்டோபர் 10

முர்த்தினாவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

பொட்டலம் நேற்று வந்தது. தீர்த்தோ எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நானே சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தேன், இந்தா பார் என்று காட்டுவதற்காக. துணியைப் பிரித்தேன். கொம்பு இல்லை. நீண்டு வளைந்து போகிறதே, அந்த மேகம் ஓடுகிற இடம், அதை அடியோடு ரம்பம் போட்டு அறுத்திருக்கிறது. விழுந்து உடைந்ததல்ல, எனக்கு மரம் தெரியும். முதலில் தவறான இடத்தில் பல்லை வைத்து, வழுக்கி, பிறகு இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி அறுத்திருக்கிறார்கள். ரம்பம் பிடிக்கத் தெரியாத கை.

தீர்த்தோ கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் செய்யவில்லை. உறையை வாங்கி, அறுபட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலையா இருந்திருக்கு, பாவம்" என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்ன காரணம்? மாப்பிள்ளைக்கு இடுப்பில் குத்தியதா? நம் உறையை முன்பக்கம் செருகினால் குத்தத்தான் செய்யும், அது உறையின் குற்றமா? அல்லது உன் மாமியார் அடுப்புக்கு விறகு தேவைப்பட்டதா? பத்து வருஷத்துக்கு முன் நாற்பத்தைந்து நாள் உட்கார்ந்து செய்தேன். தங்கை கடல் தாண்டிப் போகிறாளே, பார்க்கிறவன் எல்லாம் இவள் சோலோக்காரி என்று மதிக்கட்டுமே என்று செய்தேன். அதை அறுத்த கை எவன் கையோ, அது சோறு எடுத்து வாயில் வைக்கும்போதெல்லாம் நடுங்கட்டும்.

யார் என்று எழுது. அது தெரியாமல் நீ அண்ணிக்கு அனுப்பிய எண்ணெய்க்கோ கருவாட்டுக்கோ நன்றி சொல்ல எனக்கு வாய் வராது.

பர்மாடி


வத்தாம்போனே
1937 டிசம்பர் 8

அண்ணனுக்கு,

பெருநாள் வாழ்த்து. நீங்களும் அண்ணியும் என் பிழைகளைப் பொறுக்கவேண்டும். பெருநாளில் எல்லோரும் எழுதுகிற வார்த்தைதான், ஆனால் நான் அதற்காகவே பெருநாள் வரை காத்திருந்தேன்.

உறையை அறுத்தது நான்.

ரம்பம் தச்சரிடம் இரவல் வாங்கினேன். முதலில் வழுக்கியதை நீங்கள் மரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏன் அறுத்தேன் என்பதை மரம் சொல்லாது, அதனால் நான் சொல்கிறேன்.

இங்கே பாஜோயே துறையில் ஒரு பெரிய படகுக்காரர் இருக்கிறார். முப்பது படகு. அந்த ஆட்களின் ஆதரவு இருந்தால் தலைவர் பதவி என் வீட்டுக்காரருக்குத்தான். அந்தப் படகுக்காரருக்குப் பெஸ்ஸெ என்று ஒரு மகள். ஏப்ரல் மாதமே பேச்சு முடிந்துவிட்டது. எனக்குச் சொன்னது மாமியார். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்கள். "ஆம்பள வெளிய நாலு எடத்துல கால் ஊனறது வழக்கம்தான். நீதான் மூத்தவ. உன் எடம் உனக்கு."

ஆனால் பெஸ்ஸெ குடும்பம் இவர்களைவிடக் குலத்தில் கீழே. அண்டி என்ற குலப்பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறவர் அவர்கள் வீட்டுப் படியில் ஏறி மாப்பிள்ளையாக உட்காரக் கூடாதாம். பழைய நாளில் இப்படி இருந்தால் ஆளுக்குப் பதிலாக அவருடைய கெரிஸ் போகுமாம். நிக்காஹ்வைச் சிற்றப்பா ஒருவர் மாப்பிள்ளை சார்பில் வக்கீலாக நின்று ஒப்புக்கொள்வார், மாப்பிள்ளை இருக்கையில் கெரிஸ் இருக்கும். இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இவர் செய்வது என்று முடிவு செய்தார். எந்தக் கெரிஸ் என்று கேட்டேன். வீட்டில் நான்கு இருக்கிறதே.

"உங்கப்பா குடுத்ததுதான் இருக்கறதுலயே நல்லது. அவங்க குறை சொல்லக் கூடாது பாரு" என்றார்.

அப்பா அதை அவர் கையில் கொடுத்தபோது என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். பெண்ணைக் கொடுத்தவன் கொடுக்கும் கெரிஸ் பெண்ணோடு இருக்கும், பெண்ணை விட்டால் கெரிஸும் திரும்பி வரவேண்டும் என்றார். இவரும் தலையாட்டினார்.

அந்த நேரத்தில்தான் உங்கள் ஜூன் கடிதம் வந்தது. கொம்பு உடைந்த உறையை மானமுள்ள குடும்பம் தாம்பாளத்தில் ஏற்றாது என்று எழுதியிருந்தீர்கள். அதை மூன்று தடவை படித்தேன். பெட்டியைத் துடைக்கவேண்டும் என்று சொல்லி மாமியாரிடம் சாவி வாங்கினேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இவர் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நல்லதாப் போச்சு. ஜாவா உறை அங்க எடுபடாது" என்றார். நான்கே நாளில் புகிஸ் உறை வந்துவிட்டது. கெரிஸைப் பட்டில் சுற்றும்போது மடிப்புச் சரியில்லை என்று மாமியார் என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் சுற்றிக் கொடுத்தேன். ஜூலை கடைசி. மேளத்தோடு போனது.

கெரிஸ் இன்னும் பெஸ்ஸெ வீட்டில்தான் இருக்கிறது. என் வீட்டில் மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது. இவர் சாப்பிட வருகிறார், தென்றியின் பாடம் கேட்கிறார், வானிலை பேசுகிறார். நான் என்ன கேட்டாலும் "உனக்கு என்ன குறை?" என்கிறார். தட்டு நிறையச் சோறு இருக்கிறது, குறை என்று எதைக் காட்டுவேன்?

சோறு எடுக்கும்போது என் கை நடுங்கவில்லை அண்ணா. சொல்லவேண்டும் என்று தோன்றியது.

முர்த்தினா


சோலோ
1937 டிசம்பர் 24

என் தங்கைக்கு,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. கிழித்துப் போடு.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மே மாசமே கேட்டாளே, உறையில பழுதிருந்தா என்னன்னு. நீங்க பாலிக்காரன் எங்க செருகறான்னு பாடம் நடத்தினீங்க" என்றாள். எட்டு மாதமாக நான் உன்னிடம் கேட்டதெல்லாம் மரத்தைப் பற்றி. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வந்துவிடு. தென்றியையும் கூட்டிக்கொண்டு வா. கிழக்கு அறையில் அடுக்கியிருந்த பலகைகளை அப்புறப்படுத்திவிட்டேன்.

இதோடு இருப்பது அவருக்கு. நீயே படித்துப் பார்த்து, சம்மதமானால் கொடு. சம்மதமில்லாவிட்டால் அடுப்பில் போடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

அண்ணன்


சோலோ
1937 டிசம்பர் 24

அண்டி பசேவாங் அவர்களுக்கு முர்த்தினாவின் அண்ணன் பர்மாடியின் வணக்கம்.

தங்களுக்கும் தங்கள் தாயாருக்கும் உடல்நலம் உண்டாகட்டும்.

1927ஆம் ஆண்டு என் தகப்பனார் தங்கள் கையில் ஒரு கெரிஸ் கொடுத்தார். பதின்மூன்று வளைவு, இரும்பில் அரிசி சிதறினாற்போல் வெள்ளை வரி. இப்போது அவர் இல்லை, அதனால் நான் கேட்கிறேன். அதை என் தங்கையின் கையில் திருப்பிக் கொடுங்கள். உறை வேண்டாம். எங்கள் ஊரில் இப்படிக் கேட்பதற்கு என்ன பொருள் என்று என் தகப்பனார் அன்றே தங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

பர்மாடி


வத்தாம்போனே
1938 ஜனவரி 17

மதிப்புக்குரிய மைத்துனர் பர்மாடி அவர்களுக்கு அண்டி பசேவாங் எழுதுவது.

தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். தங்கள் மகளின் திருமணச் செய்தி மிக்க மகிழ்ச்சி தந்தது. எங்கள் ஆசிகள்.

தங்கள் கடிதத்தில் ஏதோ தவறான புரிதல் தெரிகிறது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சிறிய விஷயமும் பெரிதாகத் தோன்றுவது இயல்பே. கெரிஸ் மிகப் பத்திரமாக, மிக மரியாதையான இடத்தில் இருக்கிறது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை இருக்கையில் அமர்ந்த கெரிஸ் அந்த வீட்டை விட்டு வெளியே வராது. தங்கள் ஊர் வழக்கம் வேறாக இருக்கலாம். இரண்டையும் மதிக்கவேண்டும் அல்லவா?

முர்த்தினாவுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தாங்கள் கவலைப்பட வேண்டாம். தங்களுக்கு ஏதேனும் மரம் தேவையென்றால் எழுதுங்கள், எங்கள் பக்கத்துக் காடுகளில் அருமையான மரங்கள் உண்டு.

அண்டி பசேவாங்


சுரபாயா
1938 பிப்ரவரி 3

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நானும் தென்றியும் சுகம். நேற்று மத்தியானம் கப்பலை விட்டு இறங்கினோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுராக்காரக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறோம். தென்றி கப்பலில் மூன்று நாள் வாந்தி, இப்போது தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வராது.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் பதில் போட்டுக்கறேன்" என்றார். என்ன போட்டார் என்று எனக்குக் காட்டவில்லை. பத்து நாள் பார்த்தேன். பிறகு குதிரை வண்டி பிடித்துப் பாஜோயே போனேன், பெஸ்ஸெ வீட்டுக்கு.

சண்டை போடத்தான் போனேன் அண்ணா. வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது பத்தொன்பது வயதுப் பெண். கையெல்லாம் மீன் செதில். நான் யார் என்று சொன்னதும், "தெரியும் அக்கா. உள்ள வாங்க" என்றாள்.

நடுவீட்டில் மஞ்சள் துணி விரித்த தலையணை மேல் கெரிஸ் இருந்தது. எதிரே வாடிய வெற்றிலை.

"தெனமும் இதுக்கு வெத்தல வெக்கணும்னு அவங்கம்மா சொல்லிட்டுப் போனாங்க. நேத்து மறந்துட்டேன்" என்றாள்.

"அவர் வரமாட்டாரா?"

"ரெண்டு தடவ வந்தாரு. ரெண்டு தடவையும் வாசல்லயே அப்பாகிட்ட எந்தப் படகு எங்க இருக்கு, எந்த ஆளு யார் பேச்சக் கேப்பான்னு விசாரிச்சிட்டுப் போயிட்டாரு. என் மொகத்த அவர் பாத்தாரான்னு எனக்கே தெரியல." வாடிய வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நிக்காஹ் ஆனன்னைக்கு என் கையப் புடிச்சு இதோட பிடி மேல வெச்சாங்க அக்கா. சில்லுனு இருந்துச்சு. தெருவுல புள்ளைங்க என்ன 'கத்தி பொண்டாட்டி'ன்னு கூப்புடுதுங்க. அப்பா காதுல விழுந்தா அன்னைக்குப் பூரா சாப்புட மாட்டாரு."

"இத நான் எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். கெரிஸை இரண்டு கையாலும் எடுத்தாள். கத்தியை உருவி என்னிடம் நீட்டினாள். "உறைய விட்டுட்டுப் போங்க அக்கா. அது எங்க மாமா செஞ்சது. நாலு நாள் கண்ணு முழிச்சுச் செஞ்சாரு."

அண்ணா, அது அழகான வேலை. நீங்கள் சொன்ன பிறை வடிவம்தான். கொம்பு இல்லை, சுருள் இல்லை, ஒரு கீறல் அலங்காரம் இல்லை. பிடிக்க வழுவழுவென்று, கடலில் கிடந்த கல் மாதிரி. உங்களுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அது அவளுடையது.

வீட்டுக்கு வந்து, கத்தியைத் தென்றியின் பாவாடைகளில் சுற்றி அரிசிக் கூடைக்குள் வைத்தேன்.

பாஜோயே துறையில்தான் கப்பல் ஏறினோம். கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏறவேண்டும். நாங்கள் படகில் உட்கார்ந்துவிட்டோம், அப்போது அவர் வந்தார். ஓடி வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வியர்வை. இத்தனை வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தென்றி, "அப்பா வராரு, அப்பா வராரு" என்று எழுந்து நின்றாள். ஒரு நிமிஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைப்பானேன்.

தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்றார். "கெரிஸ் எங்க?" என்றார்.

நான் தென்றியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முர்த்தினா, நீ போறதுன்னா போ. நான் தடுக்கல. அத மட்டும் குடுத்துட்டுப் போ. அது அந்த வீட்ல இல்லன்னா ஊரு என்ன பேசும்? அடுத்த மாசம் ஓட்டு இருக்கு. எத்தன பேரு வேலை இதுல அடங்கியிருக்கு தெரியுமா உனக்கு?" பிறகு படகோட்டிகளைப் பார்த்து, "படகத் திருப்புங்கடா" என்றார்.

நான்கு பேரும் பெஸ்ஸெயின் அப்பாவுடைய ஆட்கள். அவருக்காக வந்து சேரவேண்டிய முப்பது படகில் அது ஒன்று. முன்னால் இருந்தவர் நரைத்த தாடிக்காரர். தண்ணீரில் நின்றவரைத் திரும்பியே பார்க்காமல், என்னிடம், "அம்மா, புள்ளைய ஒக்காரச் சொல்லுங்க, அலை அடிக்கும்" என்றார். துடுப்பைப் போட்டார்கள்.

தென்றி வெகுநேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டாள்.

சனிக்கிழமைக் காலை ரயிலில் புறப்படுகிறோம். லாஸ்மினி கல்யாணத்துக்கு எந்த ஊர் உறை என்று நீங்களும் சம்பந்தியும் இன்னும் தீர்த்திருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சண்டை நடக்கும்போது நான் அடுக்களையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கவேண்டும், அதற்காகவாவது முடித்துவிடாதீர்கள். இந்தக் கத்தியை மட்டும் இப்போதைக்கு யாரிடமும் காட்டவேண்டாம். அதற்கு நீங்கள் உறை செய்யவும் வேண்டாம். கொஞ்ச நாள் பாவாடைத் துணியிலேயே கிடக்கட்டும்.

தென்றிக்கு நம் மொழி சரியாக வராது. ஸ்டேஷனில் அவளிடம் மெதுவாகப் பேசுங்கள்.

முர்த்தினா